முடக்கில் நின்று திரும்பிப் பார்ப்பது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிறவன் நான். சண்டிலிப்பாயிலிருந்தோ வேறு எங்கிருந்தோ கத்தரிக்காய் வந்து இறங்கினால், மேலே அடுக்கியிருப்பதைப் பார்த்து விலை பேச மாட்டேன், கடகத்தைக் கவிழ்த்துக் கொட்டி அடியில் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். அப்படிப்பட்ட ஆள். கோயிலில் உரு வந்து ஆடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும், சாத்திரி சொன்னார் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். செத்தால் செத்ததுதான், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று வாதாடி, பக்கத்துக் கடைக்காரரோடு கனநாள் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை எந்தக் கூட்டத்தோடு சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சேருங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சிந்து. பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில்தான் வீடு. வீட்டு வாசலிலிருந்து ஒழுங்கை கொஞ்சத் தூரம் நேராகப் போய் ஓர் இடத்தில் முடங்கி வளையும், அந்த முடக்கைத் தாண்டினால் மூன்று ஒழுங்கைகள் கூடும் ஒரு சந்தி, அதற்கப்பால் வீதி. சிந்து படித்த பல்கலைக்கழகம், நாங்கள் சொல்கிற கம்பஸ், நடந்து போகிற தூரம். நான் விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய்ச் சாமான் எடுத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வருவேன். அந்த நேரத்தில்தான் அவள் வெளிக்கிடுவாள்.

அவளுக்குச் சில பழக்கங்கள் இருந்தன. தேத்தண்ணியை முழுவதும் குடிக்க மாட்டாள், கடைசி மிடறை அறை யன்னலால் வெளியே நிற்கிற செவ்வரத்தைக்கு ஊற்றுவாள். தேத்தண்ணி கிடைக்காவிட்டால் அந்த மரத்துக்கும் பின்னேரம் தலையிடிக்குமாம். சாப்பிடும்போது கடைசி வாய் வெறுஞ்சோறு, ஒரு சொட்டுக் கறி படக்கூடாது, பட்டால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்பாள். மற்றது அந்த முடக்கு. கம்பஸுக்குப் போகும்போது முடக்கில் நின்று திரும்பிப் பார்ப்பாள். தோள் பை வழுக்காமல் வலது கையால் வாரைப் பிடித்துக்கொண்டு, தோளை ஒரு பக்கம் தூக்கியபடி நிற்பாள். நான் கேற்றடியில் நின்று கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் போக மாட்டாள், மழை பெய்தாலும் நிற்பாள்.

"என்னடி, வீடு ஓடிப்போயிடுமெண்டு பாக்கிறியோ?" என்று ஒருநாள் கத்திக் கேட்டேன்.

"வீடு ஓடாது. நீங்கள்தான் கையைக் காட்டாமல் உள்ளுக்கு ஓடிடுவியள்" என்றாள்.

போன வருடத்துக்கு முந்தின மாரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. அதைப்பற்றி நான் நிறையச் சொல்லப்போவதில்லை, சொல்ல எனக்கு வராது. கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நடந்து போன பிள்ளையை வெள்ளைத் துணியில் கொண்டு வந்தோம். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் எட்டு என்று ஒன்று செய்வோம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்தவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபட்ட பிறகு அதில் கொஞ்சத்தைப் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டு வர வேண்டும். ஆத்மா அதைத் தின்று அங்கிருந்தே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகுமாம். நான் மாட்டேன் என்றேன். என் அண்ணைதான் விடவில்லை.

"பிள்ளையின்ரை காரியமடா. நம்பாட்டியும் செய். வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் வா, அவ்வளவுதான். திரும்பிப் பாத்தால், கூப்பிடுறாங்களெண்டு நினைச்சுப் பின்னாலை வந்திடும்."

மனைவி கலா குசினிக்குள்ளிருந்து பெட்டியை வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து தந்தாள். வாங்கிக்கொண்டு போய் வைத்தேன், திரும்பி வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, மழைத் தவளைகள் கத்தின. என் வாழ்க்கையில் திறந்து பார்க்காமல் கொண்டுபோன ஒரே பெட்டி அதுதான்.

அதற்குப் பிறகு கலா சாப்பிடுவதை விட்டாள், தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள், கதைப்பதையும் ஏறக்குறைய விட்டாள். சிந்துவின் அறை வாசலில் நிலத்தில் இருப்பாள், உள்ளே போக மாட்டாள். நான் சந்தையில் வாங்குகிறவர்களோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன். இப்படியே நாலைந்து மாதம் போனது. அந்த அறையைக் கம்பஸ் பிள்ளை யாருக்காவது கொடு, வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று அண்ணைதான் சொன்னார். கலா மறுப்பாள் என்று நினைத்தேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வந்தவள் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, ஜெனி. வேதக்காரர், தகப்பன் கடல் தொழில். எங்கள் வீட்டில் மகள் செத்தது அவளுக்குத் தெரியும், படம் மாலையோடு விறாந்தையில் தொங்குகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சிந்துவுக்கும் இவளுக்கும் மருந்துக்கும் ஒற்றுமை இல்லை. இவள் கேற்றை அடித்துச் சாத்துவாள், வீடு அதிரச் சிரிப்பாள், சோறு கறி எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து அவசரமாகத் தின்பாள். ஆனால் எவ்வளவு பசி என்றாலும் சாப்பாட்டுக்கு முன் நெற்றியில் தொட்டுச் சிலுவை போடாமல் கை வைக்க மாட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒழுங்கையால் போனால் திரும்பியே பார்க்க மாட்டாள், பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரிப் போவாள்.

கொஞ்ச மாதத்தில் கலா மாறினாள். சீப்பெடுத்துத் தலை இழுத்தாள், மீன்காரனோடு பேரம் பேசினாள், ஒருநாள் குசினியில் ஏதோ பாட்டு முனகுவதுகூடக் கேட்டது. பிள்ளை வீட்டில் இருப்பதால் தெளிந்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். வேறு என்ன நினைக்க?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நான் விறாந்தையில் வெங்காயம் காயவிட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன், ஜெனி போனோடு வந்து படியில் இருந்தாள்.

"அங்கிள், இதைக் கேளுங்கோ. எங்கடை பட்ச் குறூப்பிலை ஒரு விளையாட்டு நடக்குது. ஆளாளுக்கு இருக்கிற விசர்ப் பழக்கத்தை எழுத வேணும், இது எனக்கு மட்டுமோ எல்லாருக்கும் இருக்கோ எண்டு. ஒருத்தன் எழுதியிருக்கிறான், இடி முழங்கினால் வாயை ஆவெண்டு திறந்து வைச்சிருப்பானாம். தாய் சின்னனிலை பழக்கினவவாம்."

நான் சிரித்துவிட்டேன். "அது விசரில்லைப் பிள்ளை. சண்டைக் காலத்திலை ஷெல்லடிக்கேக்கை காது வெடிச்சுப் போகாமல் இருக்க வாயைத் திறக்கிறது. என்ரை வாயும் இப்பவும் தானாத் திறக்கும். இஞ்சை உள்ள ஆக்கள் எல்லாருக்கும் இருக்கு, ஆரும் சொல்ல மாட்டினம்."

"அப்ப அதைக் கணக்கிலை எடுக்கேலாது. ஒருத்தி கதவைப் பூட்டிப்போட்டுச் சாவியை மணந்து பாப்பாளாம்."

"அது விசர்தான். உன்ரை என்ன?"

அவள் போனைக் கீழே வைத்தாள். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள்.

"எனக்கு முந்தி ஒண்டும் இல்லை அங்கிள். இஞ்சை வந்தாப் பிறகுதான். தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்கேலாமல் கிடக்கு. கடைசி மிடறை அந்தச் செவ்வரத்தைக்கு ஊத்தினால்தான் மனம் ஆறுது. சாப்பிடேக்கை கடைசி வாய் வெறுஞ்சோறா இருக்க வேணும், இல்லாட்டி ஏதோ குறையிற மாதிரி. பிறகு அந்த முடக்கு. அதடியிலை போனால் கழுத்துத் தானாத் திரும்புது. ஆரோ கை காட்டினால்தான் போகலாமெண்ட மாதிரி நிப்பன். ஒருத்தரும் காட்ட மாட்டினம், பிறகு வெக்கப்பட்டு நடந்திடுவன். இது வழமையான பழக்கம்தானே அங்கிள்? ஆக்களுக்கு இப்பிடி இருக்கும்தானே?"

நம்பினால் நம்புங்கள், என் கையில் இருந்த வெங்காயம் உருண்டு படியால் இறங்கிப் போனது.

"எல்லாருக்கும் உள்ளதுதான் பிள்ளை" என்றேன்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். கலாதான் இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துப் பழக்கியிருக்கிறாள், அதுதான் அவளுடைய சந்தோஷத்துக்குக் காரணம் என்று நினைத்தேன். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"நீர் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறீர்?"

அவள் மறுக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. தேங்காய்ப்பூ துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொன்னால் நிண்டுபோயிடுமெண்ட பயத்திலை வாயே திறக்கேல்லை. உங்களுக்கு இப்பதான் தெரியுதோ? முதல்லை வந்தது வெறுஞ்சோறு. அண்டைக்குத்தான் நானும் கனகாலத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டனான்."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கலா என்னிடம் பொய் சொன்னதாக எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. ஆனாலும் நான் கடகத்தைக் கவிழ்க்கிறவன் அல்லவா? அடுத்தநாள் காலை தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றேன். ஜெனி கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள், அன்றைக்கு அவளிடம் பை இல்லை. முடக்கில் நின்றாள். திரும்பினாள். வலது கை கொப்பிகளை விட்டுவிட்டுத் தோளுக்குப் போனது, இல்லாத வாரைப் பிடித்தது, தோள் ஒரு பக்கம் உயர்ந்தது. நான் கையைத் தூக்கினேன். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, போய்விட்டாள்.

நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், உங்களிடம் ஏன் மறைக்க. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வராமல் விட்டதில்லை. சந்தையில் எத்தனை லொறி வந்து நின்றாலும் விட்டுவிட்டு ஓடிவருவேன். நானும் கலாவும் இரவில் படுத்துக்கொண்டு, இன்றைக்கு இது வந்தது, நாளைக்கு அது வருமோ என்று புதுப்பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிற தாய் தகப்பன் போலக் கதைப்போம். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் யோசனையே வரவில்லை.

யோசனையை வரவைத்தது ஜெனியின் தாய். லீவுக்கு ஜெனி ஊருக்குப் போய் வந்த பிறகு அவர் எனக்குப் போன் எடுத்தார். மரியாதையான மனுசி, சுற்றி வளைத்துத்தான் தொடங்கினார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு அங்கை ஏதும் மனக்கஷ்டமோ? சாப்பாட்டுக்கு முன்னம் சிலுவை போடுறதை விட்டிட்டாள். ஏன் பிள்ளை எண்டு கேட்டால், அப்பிடி ஒண்டு செய்யிறனானோ எண்டு என்னைத் திருப்பிக் கேக்கிறாள். தமையன் பகிடி விட்டால் சிரிக்கிறாளில்லை. இது என்ரை பிள்ளை இருந்து சாப்பிடுற மாதிரியே இல்லை அண்ணை. ஆரோ வீட்டுப் பிள்ளை வந்து இருந்து சாப்பிடுற மாதிரிக் கிடக்கு."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஏதோ படிப்புப் பாரம் என்று சொல்லியிருப்பேன். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன், கேற் அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டுக் கனநாள். வீடு அதிரச் சிரிக்கிற சத்தமும் கேட்டுக் கனநாள். அந்தப் பிள்ளை வந்தபோது கொண்டுவந்த சாமான்கள் அப்படியே அறையில் இருந்தன, அவளைத்தான் காணவில்லை.

மாரி தொடங்கியது. சிந்து செத்து ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஜெனி ஒருநாள் கம்பஸிலிருந்து மத்தியானமே வந்தாள். கண் சிவந்திருந்தது. காய்ச்சல்.

 டொக்டரிடம் கொண்டுபோனோம், இரத்தம் பார்த்தார், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, நாளைக்கு ஒருக்கால் திரும்பப் பார்ப்போம் என்றார். சரியான பேச்சுத்தான், வேறு என்ன சொல்வார்? தாய்க்கு அறிவித்தோம், விடிய முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அடுத்தநாள் மத்தியானமும் காய்ச்சல் இறங்கவில்லை. தாய் வந்து பக்கத்தில் இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டார். நான் அறை வாசலில் நின்றேன். மழை இருட்டு என்று லைற் போட்டிருந்தார்கள், பிள்ளை தூங்கட்டும் என்று நான் அதை நிப்பாட்டக் கை வைத்தேன்.

"அப்பா, லைற்றை நிப்பாட்டாதேங்கோ. எனக்குப் பயமாக்கிடக்கு."

கண்ணைத் திறக்காமல் சொன்னாள். தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவள் தகப்பனைப் பப்பா எண்டுதானே கூப்பிடுறவள்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் சிந்து கடைசியாக என்னிடம் சொன்னதும் லைற்றை நிப்பாட்டாதேங்கோ என்ற அதே சொல்தான். அதை நான் கலாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேத்தண்ணி வந்தது, வெறுஞ்சோறு வந்தது, முடக்கு வந்தது, காய்ச்சல் வந்தது, இந்தச் சொல்லும் வந்துவிட்டது. சிந்துவிடமிருந்து இனி இந்தப் பிள்ளைக்கு வருவதற்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

கலாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னம் அவளே கதைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எட்டுக்கு நான் தந்த பெட்டியிலை வெறும் பச்சையரிசிச் சோறுதான் இருந்தது. பிள்ளைக்குச் சமைச்சதை நான் அந்த அறைக்குள்ளை அவளின்ரை மேசையிலை வைச்சனான். றோட்டிலை வைச்சால் நாய் திண்டிடும், அவள் இனி வரமாட்டாள் எண்டு மனம் கேக்கேல்லை. நீ இஞ்சையே இருந்து சாப்பிடு, எங்கையும் போகாதை எண்டு சொன்னனான்."

நான் ஏசவில்லை. எப்படி ஏசுவேன்? எனக்குத் தெரிந்திருந்தால் நானும் தடுக்காமல் விட்டிருப்பேன் போல. இரண்டு பேரும் கிணற்றுக் கட்டில் இருந்தோம். பிறகு நான்தான் சொன்னேன்.

"அவளுக்குப் பிடிச்சதை நீர் சமையும்."

"அனுப்பப் போறியளோ?"

"அந்தத் தாய் உள்ளுக்கு இருக்கிறா கலா. எங்களுக்கு நடந்தது அவவுக்கும் நடக்கோணுமோ?"

அவள் எழும்பிப் போனாள். அழுதுகொண்டேதான் சமைத்தாள், ஆனால் ஒரு குறையும் விடவில்லை. இறால் பொரித்தாள், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள், மாசிச் சம்பல் இடித்தாள், ஒரு போத்தலில் தேத்தண்ணி ஊற்றினாள். எல்லாவற்றையும் என் கண் முன்னால் நீத்துப்பெட்டியில் வைத்தாள். மூடுவதற்கு முன், ஒரு பிடி வெறுஞ்சோற்றை வேறு இலைத்துண்டில் சுற்றிக் கறி படாமல் ஒரு பக்கமாக வைத்தாள். "கடைசி வாய்க்கு" என்றாள்.

பொழுது பட்டதும் கொண்டுபோனேன். பெரிய இருட்டு இல்லை, மழை தூறிக்கொண்டிருந்தது, வீடுகளில் லைற் போட்டுவிட்டார்கள், யாரோ வீட்டில் ரீவி சத்தம் கேட்டது. பேய்க்கதையில் வருகிற மாதிரி ஒன்றுமே இல்லை, நன்றாகக் கேளுங்கள், சாதாரணமான ஒரு பின்னேரம். சந்தியில் மதில் ஓரமாகப் பெட்டியை வைத்தேன். இலையைத் திறந்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "சாப்பிட்டிட்டுப் போட்டு வாம்மா" என்று சொல்ல வாயெடுத்து, அந்த "வா" என்ற சொல்லை விழுங்கினேன். எங்கள் வீடுகளில் போகிறவரிடம் போ என்று சொல்லிப் பழக்கமில்லை, போட்டு வா என்றுதான் சொல்வோம். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

கொஞ்சத் தூரம் வர, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

சிந்து செருப்பைத் தூக்கி வைத்து நடக்க மாட்டாள், இழுத்து இழுத்து நடப்பாள், எத்தனை சோடி தேய்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும். ஈர மண்ணில் அந்தச் சத்தம். வேறு யாரோ வருகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் எனக்குள் சொன்னேன். நான் நிற்க அது நின்றது. நடக்க நடந்தது. என் கழுத்து இரும்பாகிவிட்டது. திரும்பினால் என் பிள்ளை. ஒரே ஒரு தரம் திரும்பினால் போதும், அவள் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள், கலா மறுபடியும் பாடுவாள். அண்ணை சொன்னது பொய் என்றால் திரும்பிப் பார்ப்பதில் ஒரு நட்டமும் இல்லை, உண்மை என்றால் அந்த அறைக்குள் ஒரு தாய் ஈரத்துணியோடு இருக்கிறாள். ஒன்றையும் நம்பாதவன் அப்போது நம்பினேன். நம்பியதால்தான் திரும்பவில்லை.

முடக்கு வந்தது. நான் அதைத் தாண்டினேன். செருப்புச் சத்தம் முடக்கில் நின்றுவிட்டது.

நான் நடந்துபோய் எங்கள் கேற்றடியில் நின்றேன், ஒவ்வொரு நாளும் நிற்கிற அதே இடத்தில், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தோளைத் தூக்கிக்கொண்டு, வாரைப் பிடித்துக்கொண்டு, தூறலில் நனைந்துகொண்டு நிற்பாள். நான் கையைத் தூக்காவிட்டால் போக மாட்டாள். விடிய விடிய நிற்பாள், அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியாதா? எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. என் கை கல் மாதிரிப் பாரமாக இருந்தது. கடைசியில், திரும்பாமலே, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. சந்திப் பக்கமாகப் போனது. பிறகு மழை மட்டும்தான்.

உள்ளே போனபோது கலா விறாந்தையில் நின்றாள். "பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

 அறைக்குள் ஜெனி எழும்பி இருந்தாள், வேர்த்து ஊற்றிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பசிக்குது என்றாள். தாய் கஞ்சிக் கோப்பையைக் கையில் கொடுத்தார். வாங்கி, கண்ணை மூடி, நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டுக் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். தாய் அழுதுகொண்டே சிரித்தார். கலா வாசலில் நின்று அதைப் பார்த்தாள், பிறகு குசினிக்குள் போய் ஒரு மூலையில் இருந்துவிட்டாள். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தாய்மார் அழுததைக் கேட்டுக்கொண்டு நான் நடுவில் நின்றேன்.

அது சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார்கள். இருக்கட்டும். ஜெனி அந்த வருடம் முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள், கேற்றை அடித்துச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் குழைத்துத் தின்றுகொண்டு. பழைய பழக்கங்களைப்பற்றி ஒருநாள் நான் மெல்லக் கேட்டேன். "அப்பிடியோ, நானோ?" என்று சிரித்தாள், அவளுக்கு அது ஞாபகமே இல்லை. பிறகு சிநேகிதப் பிள்ளைகளோடு வேறு இடத்தில் அறை எடுத்துப் போய்விட்டாள். நல்ல பிள்ளை, கிறிஸ்மசுக்குக் கேக் கொண்டுவந்து தந்தாள்.

கலா என்னைக் கோபிக்கவில்லை. ஆனால் ஒருநாள் செவ்வரத்தையடியைக் கூட்டிக்கொண்டு நின்றவள், என்னைப் பாராமலே, "ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம்" என்றாள்.  

இவ்வளவும் ஏன் உங்களிடம் சொன்னேன் என்றால், இது வழமைதானா என்று கேட்கத்தான். இப்போது காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு நான் திரும்பச் சந்தைக்கு நடக்கும்போது, முடக்கில் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. நான் திருப்புவதில்லை, சத்தியமாகத் திருப்புவதில்லை. அண்ணையிடம் சொன்னேன், பிள்ளையை நினைக்கிற தகப்பனுக்கு அது வழமைதானே என்றார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் திரும்பும்போது என் வலது கை தோளுக்குப் போய் எதையோ பிடிக்கிறது. என் தோளில் பை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. காலும் அந்த இடத்தை விட்டு அசையாது. கேற்றடியில் கலா நிற்கிறாள், இப்போதெல்லாம் எனக்கு முன்னம் வந்து நிற்கிறாள், நல்ல சட்டை போட்டு, தலை இழுத்து. அவள் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் எனக்கு நடக்க வருகிறது. அப்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பை நான் பார்த்துக்கொண்டுதான் போகிறேன், கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அவள் கை காட்டுவது எனக்கு இல்லை.